பெரிய வீதி கறுப்பு, எங்கள் தெரு வெள்ளை: ரொறன்ரோவில் பனி அள்ளுவது எப்படி நடக்கிறது

என்னிடம் கேள்வி கேட்ட தங்கச்சிக்கு இது கனடாவில் முதல் குளிர்காலம். ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் இருக்கிறார். விடிய ஐந்து மணிக்கு பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர். அவர் கேட்டது இதுதான்: பெரிய வீதி கறுப்பாக, சுத்தமாக இருக்கும்போது எங்கள் தெரு மட்டும் இரண்டு நாளாக ஏன் வெள்ளையாகக் கிடக்கிறது? எங்கள் ஆட்கள் இருக்கிற இடம் என்பதாலா? நான் ட்ரைவேயை, அதாவது வீட்டிலிருந்து வீதிக்கு வரும் கார்ப் பாதையை, வழித்து முடித்தவுடன் வண்டி வந்து பனியை மறுபடி ஏன் வாசலில் தள்ளிவிட்டுப் போகிறது? இவ்வளவு உப்புப் போட்டும் நிலம் ஏன் வழுக்குகிறது?

நான் எட்டுக் குளிர்காலம் ஒரு ஒப்பந்தக்காரரிடம் உப்பு வண்டி ஓடியவன். பாதிக்கு மேல் ஸ்காபரோ வீதிகளில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் தெருவை யாரும் மறக்கவில்லை. அது வரிசையில் கடைசியாக நிற்கிறது. அந்த வரிசை அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துப் போடப்பட்டது அல்ல. எத்தனை வாகனம் போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்துப் போடப்பட்டது. ரொறன்ரோ நகரசபையின் பொறுப்பில் 5,000 கிலோமீற்றருக்கு மேல் வீதி இருக்கிறது. நடைபாதை அதைவிட நீளம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தள்ள எந்த நகரத்திடமும் வண்டி கிடையாது. ஆகவே ஒவ்வொரு வகை வீதிக்கும் ஓர் ஆழம் குறித்து வைத்திருக்கிறார்கள். டொன் வாலி, கார்டினர் போன்ற விரைவுச்சாலைகளில் 2.5 சென்ரிமீற்றர் சேர்ந்தவுடன் தள்ளத் தொடங்குவார்கள். பஸ் ஓடும் பெரிய வீதிகளுக்கு 5. வீடுகள் இருக்கும் உள்தெருக்களுக்கு 8.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஆறு, ஏழு சென்ரிமீற்றர் விழுந்து நின்றுவிட்டால் உங்கள் தெருவுக்குத் தள்ளும் வண்டி வராமலே போகலாம். உப்பு வண்டி ஒரு சுற்றுப் போய்விட்டால் அத்தோடு சரி. பனி விழுந்துகொண்டிருக்கும்போதும் உள்தெருவுக்கு வரமாட்டார்கள். அந்த நேரம் எல்லா வண்டியும் பெரிய வீதியில் சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்டைத் தோணியில் தண்ணீர் இறைக்கிற கதைதான். எல்ஸ்மியர் என்ற பெரிய வீதியை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினால், தொடங்கின இடம் மறுபடி வெள்ளையாக இருக்கும்.

சட்டமும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்ராறியோவில் வீதிப் பராமரிப்புக்குக் குறைந்தபட்ச நியமங்கள் உண்டு. வீதிகளை வாகனத் தொகையையும் வேக வரம்பையும் வைத்து வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பு வீதியில் 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் பனி இருந்தால் 4 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். நான்காம் வகுப்பென்றால் 8 சென்ரிமீற்றர், 16 மணி நேரம். ஐந்தாம் வகுப்பென்றால் 10 சென்ரிமீற்றர், 24 மணி நேரம். இந்தக் கணக்கு பனி விழுந்து முடிந்த பிறகே தொடங்கும். பெரும்புயல் என்று நகரசபை அறிவித்துவிட்டால், அந்த அறிவித்தல் நீங்கும் வரை இந்த மணிக்கணக்கும் ஓடாது. எனவே இரவு பதினொரு மணிக்குப் பனி நின்றது, விடிய ஐந்துக்கு உங்கள் தெரு வெள்ளை என்றால் யாரும் விதியை மீறவில்லை.

இன்னொன்று, 401 நெடுஞ்சாலை நகரசபையுடையது அல்ல, மாகாண அரசுடையது. அங்கே நாலைந்து வண்டிகள் சாய்வாக வரிசை கட்டி முழு அகலத்தையும் ஒரே தடவையில் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். நீல விளக்கு சுழல்கிற அந்த வண்டிகளை ஒருநாளும் முந்தாதீர்கள். பனி தள்ளும் பக்கத்துத் தகடு நீட்டிக்கொண்டிருப்பது பனித் தூளுக்குள் தெரியாது.

அடுத்தது ட்ரைவே. வாசலில் சேர்கிற அந்தப் பனிக் குவியலை நாங்கள் வேலையில் வரம்பு என்போம். வயல் வரம்பு மாதிரித்தான் இருக்கும், ஆனால் கல்லுப்போல இறுகியிருக்கும். ஓட்டுநர் வேண்டுமென்று அதைப் போடுவதில்லை. தகடு வலப்பக்கம் சாய்த்துப் பூட்டப்பட்டிருக்கிறது. தள்ளுகிற பனி அந்த முனையால் இடைவிடாமல் உருண்டு கரையில் விழும். நடுவில் வெறுமையாக ஓர் இடம் வந்தால், சுமந்து வந்த பனி அந்த வெறுமைக்குள் கொட்டும். நீங்கள் வழித்து வைத்த ட்ரைவேதான் அந்த வெறுமை. ரொறன்ரோவில் வண்டி புகக்கூடிய பல தெருக்களில் நகரசபையே இந்த வரம்பை வெட்டிவிடுகிறது. எல்லா நகரமும் இதைச் செய்வதில்லை. ஆனால் அது முழுதாக வழிக்காது, ஒரு வாகனம் வெளியே போகிற அளவுக்கு வாய் திறந்துவிடும், அவ்வளவுதான். தள்ளும் வண்டி போய்ச் சில மணி நேரம் கழித்தும் அது வரலாம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டு வாசலில் நின்று வீதியைப் பாருங்கள். இங்கே வாகனம் வலப்பக்கம் ஓடுவதால், உங்கள் பக்கத்து வண்டி இடது கையிலிருந்து வலது கைக்குப் போகும். ஆகவே ட்ரைவேக்கு இடது பக்கம், வீதிக் கரையில், இரண்டு மூன்று மீற்றர் நீளத்துக்குப் பனியை வழித்து ஒரு பள்ளம் வைத்துவிடுங்கள். வண்டி சுமந்துவரும் பனி முதலில் அந்தப் பள்ளத்தில் கொட்டிவிட்டு உங்கள் வாசலைப் பாதி வெறுமையாகக் கடக்கும். நீங்கள் வழிக்கிற பனியை வலப்பக்கம் குவியுங்கள். இலங்கையில் வாகனம் இடப்பக்கம் ஓடிப் பழகியவர்கள் இதை அடிக்கடி மறுபக்கமாகச் செய்துவிட்டு இரண்டு தடவை வழிக்கிறார்கள். பனியை வீதிக்குள் தள்ளுவது மட்டும் வேண்டாம். அது விதிமீறல், பின்னால் வருகிறவருக்கு ஆபத்தும்கூட.

இனி உப்பு. இதைப்பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெள்ளைக் குவியல் எனக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே வீதிக்குப் போகிற உப்பு வெயிலில் காய்ச்சியது அல்ல, நிலத்துக்கடியில் வெட்டி எடுப்பது. ஹியூரன் ஏரிக் கரையில் கோடரிச் என்று ஒரு சிற்றூர். அங்கே ஏரிக்கு அடியில் சுமார் 550 மீற்றர் ஆழத்தில் இருக்கும் சுரங்கம் உலகிலேயே மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன ஒரு கடலின் மிச்சத்தைத்தான் நாம் வீதியில் தூவுகிறோம். ரொறன்ரோ மட்டும் சராசரியாக ஒரு குளிர்காலத்துக்கு ஒரு லட்சம் தொன்னுக்கு மேல் தூவுகிறது.

உப்பு பனியை எரிப்பதில்லை. கொஞ்சம் ஈரத்தில் கரைந்து உப்புநீராகி, அந்த நீர் உறையும் வெப்பநிலையைக் கீழே இறக்குகிறது. சுழியத்துக்கு ஒரு பாகை கீழே இருக்கும்போது ஒரு கிலோ உப்பு ஏறக்குறைய 46 கிலோ ஐஸைக் கரைக்கும். சுழியத்துக்கு 7 பாகை கீழே போனால் 9 கிலோ கரைப்பதே கடினம். 12 பாகை கீழே என்றால் 5 கிலோதான், அதுவும் மெதுவாக. 21 பாகைக்குக் கீழே சாதாரண உப்பு வெறும் கூழாங்கல். இதனால்தான் கடும் குளிர் நாளில் எவ்வளவு உப்புப் போட்டாலும் நிலம் வழுக்குகிறது. அந்த நாட்களில் கல்சியம் குளோரைட் மாதிரி வேறு உப்புகளைக் கலப்பார்கள். பீட்ரூட்டிலிருந்து எடுக்கிற சாற்றை ரொறன்ரோவே பாவித்திருக்கிறது. அவை விலை கூடியவை, ஆகவே தேவையான இடத்துக்கு மட்டும். மற்ற இடங்களில் மணல்தான். மணல் எதையும் கரைக்காது, காலுக்கும் டயருக்கும் பிடி தரும்.

இங்கே கணக்கில் வருவது காற்றின் வெப்பநிலை அல்ல, தார் மேற்பரப்பின் வெப்பநிலை. வண்டியில் அதை அளக்கும் கருவி உண்டு. கைபேசி இரண்டு பாகை என்று காட்டும், ஆனால் முழு இரவும் வானம் தெளிவாக இருந்திருந்தால் தார் சுழியத்துக்குக் கீழே போயிருக்கும். பாலங்கள் முதலில் உறைவதும் இதனால்தான். மற்ற வீதிக்கு அடியில் நிலம் இருக்கிறது, அதன் சூடு மேலே வரும். பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்றுத்தான். பகலில் உருகிய நீர் மாலையில் பளிங்குபோல உறைந்து தார் நிறத்திலேயே தெரியும். கறுப்பு ஐஸ் என்று சொல்வது அதைத்தான். நீங்கள் வேலைக்குப் போகிற விடியற்காலையில் அது மிக மோசமாக இருக்கும்.

பனி வருவதற்கு முந்தின நாள் வீதியில் நீளநீளமாக வெள்ளைக் கோடுகள் பார்த்திருப்பீர்கள். அது உப்புநீர், நூற்றுக்கு 23 பங்கு உப்புக் கரைத்தது. பனி தாரோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முன்கூட்டியே தெளிப்பது. ஒட்டின பிறகு பெயர்ப்பதைவிட ஒட்டவிடாமல் தடுப்பதற்குக் குறைந்த உப்புப் போதும். உலர்ந்த உப்பைத் தூவினால் ஒரு பெரும்பங்கு துள்ளிக் கரைக்குப் போய்விடும். அதனால் வண்டியிலேயே அதை நனைத்துத் தூவுவார்கள். நான் ஓடத் தொடங்கின காலத்தில், கூடப் போட்டால் கூடப் பாதுகாப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது பிழை. தேவைக்கு மேலே போடுகிற ஒவ்வொரு கைப்பிடியும் வீதியைக் கழுவிக்கொண்டு ஓடைக்குத்தான் போகிறது.

ஸ்காபரோவுக்குள்ளாக ஓடுகிற ஹைலண்ட் கிறீக்கில் இலையுதிர்காலத்தில் சால்மன் மீன் ஏறிவருவதைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறேன். அந்த ஓடையிலும் டொன் ஆற்றிலும் உப்பின் குளோரைட், நீர்வாழ் உயிர்களுக்குக் கனடா வைத்திருக்கும் எல்லையைத் தாண்டுகிறது. நீண்டகாலத்துக்கு அந்த எல்லை ஒரு லீற்றரில் 120 மில்லிகிராம். நிலத்தடி நீருக்குள் இறங்கிய உப்பு கோடையிலும் ஊறி வருவதால், பனி இல்லாத மாதங்களிலும் அளவு முழுதாக இறங்குவதில்லை. வீதி உப்பு சூழலுக்கு நஞ்சு என்று கனடா அரசு 2001இலேயே மதிப்பிட்டது. 2004இல் நகரங்களுக்கு வழிகாட்டு நெறி ஒன்று வந்தது. உப்பை நிறுத்த முடியாது, நிறுத்தினால் ஆள் சாகும். அளவாகப் போட முடியும். பத்து நடைபாதைக் கற்களுக்கு ஒரு கோப்பிக் குவளை உப்புப் போதும். கடை வாசல்களில் சாக்கோடு கொட்டி, காலடியில் நெரியும் அளவுக்குக் குவித்திருப்பார்கள். அது உப்பையும் காசையும் ஓடையையும் ஒன்றாகக் கெடுப்பது. முதலில் சவளால் நன்றாக வழித்துவிட்டு, மிஞ்சுகிற மெல்லிய படையின்மேல் தூவுங்கள்.

இவ்வளவும் எப்படி நடக்கிறது என்பது. இனி எனக்கு உடன்பாடில்லாத இடத்துக்கு வருகிறேன். வாகனத்தை முதலில் வைக்கிற இந்த வரிசை இயற்கை அல்ல, ஒரு முடிவு. வேறு முடிவும் எடுக்கலாம். சுவீடனில் கார்ல்ஸ்கோகா என்ற சிறு நகரமும் பிறகு ஸ்டொக்ஹோமும் யாருக்காக முதலில் பனி அள்ளுகிறோம் என்று கேட்டுப் பார்த்தன. காரில் போவது பெரும்பாலும் ஆண்கள். நடந்தும் பஸ்ஸிலும் போவது பெரும்பாலும் பெண்கள். வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வருவதும் காரில் போனவர்களைவிட நடந்தவர்களே அதிகம். அதனால் நடைபாதையையும் சைக்கிள் பாதையையும் பஸ் தரிப்பிடத்தையும் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். 2016 நவம்பரில் ஸ்டொக்ஹோமில் ஒரேயடியாகப் பெரும்பனி கொட்டி நகரம் நின்றபோது அந்தத் திட்டத்தைத் திட்டித் தீர்த்தார்கள். என்னைக் கேட்டால் அன்று தோற்றது ஆயத்தம், அந்தக் கேள்வி தோற்கவில்லை. பத்து சென்ரிமீற்றர் பனியில் கார் மெதுவாகவாவது போகும். அதே பனியில் தள்ளுவண்டியோடு ஒரு தாய் போகமுடியாது, சக்கர நாற்காலி அசையவே அசையாது.

ரொறன்ரோவும் சும்மா இருந்தது என்று சொல்லமாட்டேன். பழைய நகர மையத்தில் குறுகிய நடைபாதைகளை அந்தந்த வீட்டுக்காரரே வழிக்க வேண்டும் என்று நெடுங்காலம் விட்டிருந்தார்கள். 2021 முடிவில் சிறிய இயந்திரங்கள் வாங்கி அதையும் நகரசபை எடுத்துக்கொண்டது. ஆனால் பஸ் தரிப்பிடத்தில் இன்றும் அதே காட்சிதான். வீதி வண்டி பனியைக் கரைக்குத் தள்ளும், நடைபாதை வண்டி அதையே இந்தப் பக்கம் தள்ளும், இரண்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அதன்மேல் ஏறித்தான் வயதானவர்கள் பஸ்ஸுக்குப் போகிறார்கள். நானே அப்படிச் சுவர் எழுப்பியிருக்கிறேன். பெரிய வீதியில் தகட்டைத் தூக்க நேரம் தரமாட்டார்கள்.

பெரும்பனி என்றால் தள்ளுவது மட்டும் போதாது, அள்ளி ஏற்றிக்கொண்டு போக வேண்டும். தள்ளுவதும் அகற்றுவதும் வேறுவேறு வேலைகள். 1999 ஜனவரியில் ஒரு மீற்றருக்கு மேல் கொட்டியபோது மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். நாடு முழுவதும் சிரித்தது. அம்புலன்ஸ் நுழைய முடியாத தெருவில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. 2022 ஜனவரி 17 அன்று சில இடங்களில் அரை மீற்றர், இரண்டு விரைவுச்சாலைகளையும் மூடினார்கள். 2025 பெப்ரவரியில் அடுத்தடுத்து வந்த புயல்களில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் விழுந்து, அகற்றி முடிய வாரக்கணக்கானது. தரித்து நிற்கும் கார்களே பாதித் தடை. பனிப் பாதை என்று பலகை போட்ட வீதிகளில் அறிவித்தல் வந்த பிறகு 72 மணி நேரம் காரை நிறுத்தக்கூடாது. பலர் நிறுத்துகிறார்கள், ஒரு கார் நின்றால் முழு வரிசையும் நிற்கிறது.

மொன்றியலில் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே இது ஒரு படையெடுப்பு. செம்மஞ்சள் பலகை நட்டு, இழுவை வண்டி சைரன் அடித்துக்கொண்டு தெருத் தெருவாக வரும். சத்தம் கேட்டால் நித்திரையில் இருந்தாலும் எழும்பி ஓடிப்போய்க் காரை எடுக்க வேண்டும். பின்னால் ஊதும் இயந்திரம், பக்கத்தில் டிப்பர், நிரம்பினவுடன் அடுத்த டிப்பர். வீதியும் நடைபாதையுமாக 10,000 கிலோமீற்றர். அள்ளின பனியில் கணிசமான பங்கு பிரான்கோன் என்ற பழைய கல்லுக்குழிக்குப் போகிறது. அந்த மலை கோடை முழுவதும் உருகிக்கொண்டிருக்கும். அங்கே அது ஆண்டுதோறும் நிச்சயம் நடக்கிற வேலை, ஆகவே ஆளும் வண்டியும் எப்போதும் ஆயத்தம். ரொறன்ரோவில் அப்படி அள்ள வேண்டிய பனி சில வருடம் வரும், சில வருடம் வராது. வராத வருடத்துக்கு ஏன் காசு என்று கேட்போம், வந்த வருடம் வண்டி எங்கே என்று கேட்போம். வண்டிகளில் பெரும்பாலானவை ஒப்பந்தக்காரர்களுடையவை. நகரசபையின் கணக்காய்வாளர் 2020இல் ஜி.பி.எஸ். பதிவுகளைப் பார்த்து, வேலை நேரத்தில் விளக்கமில்லாமல் நின்ற வண்டிகளைப் பற்றி எழுதினார். அந்த அறிக்கையை வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. நின்ற வண்டிகளை நானும் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பேஸ்மென்டில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். வெளிப்படிக்கட்டு, பக்கத்துப் பாதை, ட்ரைவே இவற்றில் ஆபத்தாகப் பனியோ ஐஸோ சேராமல் பார்ப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. வாடகை ஒப்பந்தத்தில் பனி வழிப்பது குடியிருப்பவர் வேலை என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழாது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் சொல்லியிருக்கிறது. நீங்களே வழிப்பதென்றால் அது கூலியோடு தனி உடன்படிக்கையாக இருக்க வேண்டும். நம்மவர் வீடுகளில் “பிள்ளை, கொஞ்சம் வழிச்சு விடு” என்று அன்பாகக் கேட்பார்கள். அன்புக்குச் செய்யலாம், தவறில்லை. ஆனால் விழுந்தால் பொறுப்பு யாருடையது என்பது தெரிந்து செய்யுங்கள்.

விழுந்துவிட்டால் வலி ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நகரசபை நடைபாதையில் என்றால் 10 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தனியார் காணியில் என்றால் 60 நாளுக்குள். விழுந்த இடத்தை அப்போதே படம் எடுங்கள், இரண்டு மணி நேரத்தில் யாராவது உப்புப் போட்டுவிடுவார்கள். உங்கள் பஸ் தரிப்பிடத்தில் சுவர் நிற்கிறது என்றால் நகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, தரிப்பிட இலக்கத்தைச் சொல்லி, முறைப்பாட்டு எண்ணை வாங்கி வையுங்கள். அடுத்த பனிக்கும் அதே இடத்தில் சுவர் நின்றால் அந்த எண்ணோடு உங்கள் வட்டாரக் கவுன்சிலரின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். கார் வைத்திருப்பவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். விடிய ஐந்து மணிக்கு அந்தத் தரிப்பிடத்தில் நிற்பவர்களிடமிருந்து வரும் கடிதம் அங்கே மிகக் குறைவு.